கட்டைய அறுக்கிறதுக்கு முன்னாடி ஆளப் பாரு: செந்தூல் ஃபிட்டர் ஐயா

போன மாசம் கோலாலம்பூர் (கேஎல்) செந்தூல்ல இருந்த ஃபிட்டர் ஐயா தவறிட்டாரு. எண்பதத் தாண்டின வயசு, கடைசி வரைக்கும் கண்ணு நல்லா இருந்துச்சு, கைதான் லேசா நடுங்க ஆரம்பிச்சிருச்சு, நடுக்கம் வந்த உடனே அரத்தக் கீழ வச்சிட்டாருன்னு அவரு மகன் சொன்னாரு. சாவு வீட்டுக் கூட்டமே ஒரு தினுசா இருந்துச்சு, ஒரு பக்கம் பழைய ரயில்வே ஆளுங்க, இன்னொரு பக்கம் பழத்தோட்டம் வச்சிருக்கிற சீனத் தவுக்கேங்க (முதலாளிங்க), ரிட்டயர்டான போலீஸ்காரங்க சில பேரு, அப்புறம் எங்க கிளப்புல பறக்கிற தட்டச் சுடுற கோஷ்டி. பக்கத்து வீட்டு அக்கா என்கிட்ட மெதுவா வந்து "இவங்கல்லாம் யாரு, ஐயா தச்சு வேலைதான பார்த்தாரு"ன்னு கேட்டாங்க. அத்தன வருஷம் பக்கத்துலயே இருந்தும் அவங்களுக்குத் தெரியல. துப்பாக்கி வேலைன்னு தெருவுல வாயத் தொறக்கவே மாட்டாரு மனுஷன்.

நம்ம மலேசியாவுல துப்பாக்கின்னா எல்லாரும் ஒரு அடி தள்ளி நிப்பாங்க, அதுவும் நியாயம்தான். 1960 ஆயுதச் சட்டம், அதுக்கு மேல 1971ல வந்த கூடுதல் தண்டனைச் சட்டம், வச்சிருக்க லைசென்ஸ், விக்க லைசென்ஸ், ரிப்பேர் பண்றதுக்கும் லைசென்ஸ். காத்துத் துப்பாக்கி கூட இதுல சேர்த்திதான், நிஜத்தப் போல இருக்கிற டம்மி வச்சிருந்தாலே கேஸு. அதனால யூடியூப்ல அமெரிக்காக்காரன் கராஜுல ஒக்காந்து புதுசா ரைஃபிள் கட்டுறதப் பார்த்துட்டு இவரும் அப்படின்னு நெனச்சிடாதீங்க. இவரு புதுசா ஒரு துப்பாக்கியும் செஞ்சதில்ல. ஒரு லைசென்ஸ் கடையோட பின் ரூம்புல அவருக்கு ஒரு மேசை, ஒரு வைஸு, அவ்வளவுதான். துப்பாக்கியோட இரும்புப் பாகம் அந்தக் கடை ஸ்ட்ராங் ரூம்ப விட்டு வெளிய வராது. தோள்ல வைக்கிற மரக்கட்டைய மட்டும் கழட்டி செந்தூல் வீட்டுக்குக் கொண்டு வந்து வேலை பார்ப்பாரு, அதனாலதான் அக்காவுக்கு அவரு தச்சு வேலைக்காரரா தெரிஞ்சாரு.

அவரு செஞ்சது ரெண்டே விஷயம். பழசானத சரி பண்றது, இருக்கிற துப்பாக்கிய ஆளுக்கு ஏத்தபடி மாத்துறது. இதுல ரெண்டாவதுலதான் அவரு பேரு வாங்கினாரு. கேஎல்ல மட்டும் இல்ல, ஈப்போ, பினாங்குல இருந்தெல்லாம் லைசென்ஸ் பேப்பரத் தூக்கிக்கிட்டு வருவாங்க.

தொழில் எங்க கத்துக்கிட்டாருன்னு கேட்டா செந்தூல் ரயில்வே வொர்க்‌ஷாப்புன்னுதான் சொல்வாரு. வெள்ளைக்காரன் காலத்துல கட்டின பெரிய பட்டறை, 1945ல நேச நாட்டு விமானம் வந்து குண்டு போட்ட இடம், நம்ம ஆளுங்க தலைமுறை தலைமுறையா அங்க ஃபிட்டரா, பாய்லர் வேலைக்கு, பெயிண்டிங்குக்குன்னு இருந்தாங்க. இப்போ அந்தப் பக்கம் போனா பார்க்கும் நாடகக் கொட்டகையும்தான் இருக்கு. அவங்கப்பாவும் அங்க ஃபிட்டர். இவரு அப்ரெண்டிஸா சேர்ந்தப்போ முதல் வேலை ஒரு இரும்புத் துண்ட அரத்தால ராவி சரியான சதுரக் கட்டியா ஆக்குறது, மூலமட்டம் வச்சுப் பார்த்தா வெளிச்சம் ஒரு பக்கமும் தெரியக் கூடாது. "மாசக் கணக்கா அதையே ராவினேம்மா, கை வெந்து போச்சு, ஆனா அதுக்கப்புறம் கண்ணு பொய் சொல்றது நின்னு போச்சு"ன்னு சொல்வாரு. துப்பாக்கி நுணுக்கம் பின்னாடி ஒரு வயசான சீனத் தவுக்கேகிட்ட கத்துக்கிட்டது.

சரி, நான் எப்படி இதுக்குள்ள வந்தேன்னா, என் வீட்டுக்காரருதான் கிளப்புல சேர்ந்தாரு, ட்ராப்பு சுடுறது, கீழ பள்ளத்துல இருந்து தட்டு பறக்கும், 110 மில்லிமீட்டர் அகலம், அதத் தோட்டாவால ஒடைக்கணும். அவருக்கு ரெண்டே வருஷத்துல அலுத்துப் போச்சு, கூடப் போன எனக்குப் பிடிச்சுப் போச்சு. லைசென்ஸ் வாங்குற கதை தனி, அத இங்க இழுக்கல. வாங்கினது ஒரு செகண்ட் ஹேண்ட் இத்தாலி துப்பாக்கி, பன்னெண்டு போரு (குழல் அளவு, நம்பர் கூடினா குழல் சின்னது), குழல் ரெண்டும் மேல கீழ இருக்கிறது.

எனக்கு உயரம் அஞ்சடி ஒண்ணு. அந்தத் துப்பாக்கி செஞ்சது ஆறடி ஆம்பளைக்கு. ஒரு ரவுண்டு, அதாவது 25 தட்டு சுட்டு முடிச்சா கன்னம் செவந்து போகும், மார்புக்கு மேல எலும்புல கட்டையோட கீழ் முனை குத்தும், தட்டு ஒடைஞ்சா அதிர்ஷ்டம். கிளப்புல ஆம்பளைங்க எல்லாரும் வாத்தியாரு. ஒருத்தரு முன்னாடி சாயும்பாரு, ஒருத்தரு தலைய அமுக்கும்பாரு, இன்னொருத்தரு "உங்களுக்குப் பன்னெண்டு ஆகாது, இருபது வாங்குங்க"ம்பாரு. ஒரு கடையில கேட்டா பார்த்த உடனே "ஒரு இஞ்சு அறுத்துடலாம், கட்டைய வலது பக்கம் வளைச்சிடலாம், நீங்க இடது பக்கமா சுடுறீங்க"ன்னு ரேட்டே சொல்லிட்டாங்க. அப்போதான் ஒரு பழைய உறுப்பினரு "செந்தூல் பெருசப் பார்க்காம மரத்துல கை வைக்காதீங்க"ன்னு சொல்லி அனுப்பினாரு.

ஃபிட்டர் ஐயா துப்பாக்கிப் பெட்டியத் தொறக்கக் கூட இல்ல. ஒக்கார வச்சு, என்ன வேலை, கண்ணாடி எப்போல இருந்து, கழுத்து வலி இருக்கா, ஊசி கோக்குறப்போ எந்தக் கண்ண மூடுவன்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு, எனக்கு டாக்டர்கிட்ட வந்துட்டோமோன்னு ஆயிருச்சு. அப்புறம் ரூம்போட அந்தக் கோடியில போய் நின்னுக்கிட்டு "ரெண்டு கண்ணும் தொறந்து வச்சு வெரல நீட்டி என் மூக்கக் காட்டும்மா"ன்னாரு. காட்டினேன். "வலது கையால காட்டுற, ஆனா வெரலு உன் இடது கண்ணுக்கு நேரா நிக்குது"ன்னாரு. திரும்பத் திரும்பச் செய்யச் சொன்னாரு, எல்லாத் தடவையும் இடது கண்ணுதான்.

இதுதான் விஷயம். வலது தோள்ல துப்பாக்கி வைக்கிற ஆளுக்கு இடது கண்ணு பெரிய கண்ணா, அதாவது மூளை முதல்ல நம்புற கண்ணா இருந்தா, குழலுக்கு மேல பார்க்க வேண்டியது வலது கண்ணு, ஆனா மூளை கேக்குறது இடது கண்ணோட பேச்ச, அதனால சூடு எல்லாம் இடது பக்கம் போகும். வெளிய இருந்து பார்க்கிறவனுக்கு கட்டை வளைவு பத்தலன்னுதான் தோணும். கட்டைய வளைச்சிருந்தா காசும் போயி மரமும் கெட்டுப் போயி கண்ணு மட்டும் அப்படியே இருந்திருக்கும். பொம்பளைங்கள்ள நெறைய பேருக்கு இந்தக் கண்ணு மாறாட்டம் இருக்குன்னு அவரு சொல்வாரு, ஆம்பளைங்களுக்கும் உண்டு, வயசாக ஆக மாறவும் செய்யும். புதுசா சுட வர்றவங்க, காசு குடுத்து எதையும் மாத்துறதுக்கு முன்னாடி இந்த வெரல் டெஸ்ட்ட பண்ணிப் பாருங்க, வெறுங்கையாலதான், துப்பாக்கியே வேணாம்.

அதுக்கு அவரு குடுத்த மருந்து என்னன்னா ஒரு துண்டு செலோடேப்பு. சுடுற கண்ணாடியோட இடது பக்கத்துல, துப்பாக்கியத் தோள்ல வச்சு கன்னத்த சாய்ச்சா இடது கண்ணு குழல் முனையப் பார்க்கிற அந்த இடத்துல மட்டும், சின்ன நகம் அளவு. கண்ணு மூட வேணாம், வெளிச்சமும் தூரமும் ரெண்டு கண்ணுலயும் தெரியும், முனை மட்டும் இடது கண்ணுக்கு மங்கிப் போகும். "இது சரி வரலன்னா இடது தோளுக்கு மாறிப் பழகு, சின்ன வயசு, முடியும். அதுவும் சரி வரலன்னாதான் மரத்தப் பத்திப் பேசலாம்"ன்னாரு. காசு வாங்கல. "டேப்பு உன்னோடது"ன்னாரு.

டேப்பு ஒட்டி சில வாரம் சுட்டதுக்கப்புறம் கிளப்புக்கு அவரே வந்தாரு. அங்க ஒரு இரும்புப் பலகை இருக்கு, வெள்ளை அடிச்சு நடுவுல ஒரு புள்ளி. 16 கஜம் அளந்து நிக்க வச்சாரு. குறி பார்க்கக் கூடாது, புள்ளியப் பார்த்துக்கிட்டே துப்பாக்கியத் தூக்கி தோள்ல பட்ட உடனே சுடணும், ஒவ்வொரு தடவையும் எறக்கி மறுபடி தூக்கணும். ஒண்ணு ரெண்டு சூட்ட வச்சு எதுவும் சொல்ல மாட்டாரு, குவியல் ஒண்ணு தெரியணும். ஏன் 16 கஜம்னா, கண்ணுல இருந்து குழல் முனை வரைக்கும் ஏறக்குறைய ஒரு கஜம், அப்போ பலகையில ஒரு இஞ்சு தள்ளிப் போனா கட்டையில பதினாறுல ஒரு பங்கு இஞ்சு மாத்தணும், கணக்கு நேரா வந்துரும். எனக்கு இடது வலது இப்போ சரியா நடுவுல, ஆனா புள்ளிக்குக் கீழ நாலு இஞ்சு. அப்போ கன்னம் வைக்கிற எடத்த கால் இஞ்சு ஒசத்தணும், ட்ராப்புல தட்டு மேல ஏறிக்கிட்டே போறதால இன்னும் கொஞ்சம் ஒசத்தினாலும் தப்பில்ல.

இங்கயும் மரத்தத் தொடல. பிளாஸ்டர வெட்டி ஒண்ணு மேல ஒண்ணா கன்னம் படுற எடத்துல ஒட்டி "இதோட சுடு, ஒரு மாசம் கழிச்சு வா, நீ ஒரு ஆளா நிக்கக் கத்துக்கிட்டதுக்கப்புறம் அளக்கிறேன்"ன்னாரு. புதுசா சுடுறவங்களோட நிலை வாரா வாரம் மாறும், இன்னிக்கி அளந்து அறுத்தா ஆறு மாசத்துல அது வேற ஆளோட துப்பாக்கி ஆயிருமாம். நான் பார்த்த வரைக்கும் இத வேற எந்தக் கடையிலயும் சொல்ல மாட்டாங்க, சொன்னா அன்னிக்கி வியாபாரம் போயிரும்.

அளக்குறதுக்கு அவருகிட்ட ஒரு சாமான் இருந்துச்சு. லண்டன்ல பெரிய கடைங்கள்ள அளவு பார்க்கவே கட்டை பூரா மடங்குற துப்பாக்கி வச்சிருப்பாங்க, நீளம், எறக்கம் (குழல் மட்டத்துல இருந்து கட்டை எவ்வளவு கீழ எறங்குதுங்கிறது), வளைவு எல்லாத்தையும் திருகித் திருகி மாத்தலாம். இவரு அதப் பத்திப் படிச்சிட்டு, முழு துப்பாக்கி வடிவத்துல செஞ்சா டம்மி கேஸுல மாட்டிக்கணுமேன்னு, பின் கட்டைய மட்டும் மரத்துல செஞ்சு கதவுக் கீல் வச்சு, ஸ்க்ரூ வச்சு, முன்னாடி குழலுக்குப் பதிலா ஒரு அளவுக் குச்சி சொருகி வச்சிருந்தாரு. பார்க்கிறதுக்கு ஊனக் கட்டை. ஆனா அதத் தோள்ல வச்சப்போதான் துப்பாக்கின்னா வலிக்கத்தான் செய்யும்ங்கிற என் நெனப்பு போச்சு.

என்னோட கணக்கு இது, மத்தவங்களுக்குப் பொருந்தாது, ஆனா எதெதப் பார்க்கணும்னு தெரியும். ட்ரிகர்ல இருந்து கட்டை முடியிற வரைக்கும் நீளம் 14¾ இஞ்சு இருந்துச்சு, எனக்கு 13⅞ போதும். முழங்கைய மடக்கி அந்த மடிப்புல கட்டைய வச்சு அளக்கிற பழக்கம் கடைங்கள்ள உண்டு, அது சும்மா, கழுத்து நீளம், நெஞ்சு அகலம், நிக்கிற விதம் எதுவும் அதுல வராது. துப்பாக்கியத் தோள்ல வச்சு கன்னம் சாய்ச்சப்போ மூக்குக்கும் கட்ட வெரலுக்கும் நடுவுல ரெண்டு மூணு வெரல் இடம் இருக்கான்னு அவரு பார்ப்பாரு. ரொம்பக் குட்டையா அறுத்தா மூக்குல கை இடிக்கும், நடு வெரலு ட்ரிகர் வளையத்துல அடி வாங்கும். அப்புறம் கட்டையோட பின் பக்கச் சாய்வு, அதோட கீழ் முனைதான் என் நெஞ்செலும்புல குத்தினது, அதக் கொஞ்சம் உள்ள வாங்கி வெளிப்பக்கமா திருப்பி விட்டாரு. பொம்பளைங்களுக்கு இது ஒண்ணு மாத்தினாலே பாதி வலி போயிரும், ஆனா இதப் பத்தி யாரும் பேச மாட்டாங்க, எல்லாரும் நீளத்தையே பிடிச்சுக்கிட்டுத் தொங்குவாங்க. கன்னம் செவந்ததுக்குக் காரணம் கட்டையோட மேல் பக்கம் முன்னாடி ஒசந்து பின்னாடி எறங்கினது, சுட்டதும் துப்பாக்கி பின்னாடி வர்றப்போ ஒசந்த பக்கம் கன்னத்துல ஏறுது. கன்னம் படுற அளவுக்கு மட்டும் சமமாக்கினதும் செவப்பு நின்னு போச்சு.

அறுக்கிறப்போ ஒரே தடவையில அறுக்கல. பாதி அறுத்து, ரப்பர் பேடு போட்டு, சுட வச்சு, மறுபடி கொஞ்சம். அறுத்த மரத் துண்ட காகிதத்துல சுத்தி என் பேரு, துப்பாக்கி நம்பர், தேதி எழுதி கையில குடுத்தாரு, "நாளைக்கு நீ இத விக்கிறப்போ வாங்கிறவன் ஒசரமானவனா இருந்தா இந்தத் துண்டையே ஒட்டிக்கலாம், ரேகை பொருந்தும்"ன்னு. யாராவது உங்க கட்டைய அறுத்தா அந்தத் துண்டக் கேட்டு வாங்கிக்குங்க. கடைக்காரன் குப்பையில போட்டுருவான், அது வால்நட் மரம், உங்க காசு.

அவரு வேலைய மாட்டேன்னு சொன்ன கதைங்க இன்னும் நெறைய. ஒரு தடவை நான் அங்க இருக்கிறப்பவே ஒருத்தரு வந்தாரு, அவங்க தாத்தா எஸ்டேட்ல கிராணியா (கிளார்க்கா) இருந்தவராம், வெள்ளைக்கார மானேஜரு ஊருக்குப் போறப்போ விட்டுட்டுப் போன செனாபாங் பாத்தா (நடுவுல மடக்கித் தொறக்கிற துப்பாக்கி), பர்மிங்காம்ல செஞ்ச ரெட்டைக் குழல், இப்போ பேரன் பேருல லைசென்ஸு. தோட்டத்துல காட்டுப் பன்னி தொல்லை, பூட்டு கொஞ்சம் லூசா இருக்கு, டைட் பண்ணிக் குடுங்கன்னு கேட்டாரு. ஐயா குழலக் கழட்டித் தலைகீழாத் திருப்பி அடிப்பக்கத்துல இருக்கிற முத்திரைய லென்ஸு வச்சுப் படிச்சாரு. பர்மிங்காம்ல 1813ல இருந்து சோதனைச் சாலை இருக்கு, கூடுதல் அழுத்தம் உள்ள தோட்டாவ வெடிச்சுப் பார்த்துத் தாங்கினாத்தான் முத்திரை குத்துவாங்க, எந்த நீளத் தோட்டாவுக்குன்னும் அதுலயே இருக்கும். இதுல இருந்தது 2½, அதாவது 65 மில்லிமீட்டர். அவரு கொண்டு வந்தது 70 மில்லிமீட்டர் தோட்டா.

"உள்ள நல்லாத்தான போகுது, இத்தன வருஷம் சுட்டுட்டுதான இருக்கோம்"னாரு வந்தவரு. அங்கதான் ஏமாறுவாங்க. பெட்டியில எழுதியிருக்கிற 70ங்கிறது சுட்டதுக்கப்புறம் வாய் விரிஞ்ச நீளம், சுடாத தோட்டா மடிச்சிருக்கிறதால குட்டையா இருக்கும், 65 அறையில (குழல்ல தோட்டா உக்காருற இடம்) சுளுவா உக்காரும். சுடுறப்போ மடிப்பு விரிய இடம் பத்தாம குழல் குறுகுற எடத்துல போயி அடைக்கும், அழுத்தம் ஏறும், அதுவும் நூறு வருஷம் பழைய மெல்லிசான குழல்ல. வந்தவரு அப்போ அறைய நீட்டிக் குடுங்கன்னாரு. ஐயா முடியாதுன்னுட்டாரு. அறைய நீட்டினா சுவர் இன்னும் மெல்லிசாகும், மறுபடி சோதிச்சு முத்திரை குத்தணும், அந்த ஏற்பாட்டுல இருக்கிற நாடுங்க பட்டியல்ல நாம இல்ல. "65 தோட்டா கெடைக்குதான்னு கடையில கேளுங்க தம்பி, இல்லன்னா தாத்தா ஞாபகத்துக்கு ஃபோட்டோ எடுத்து வச்சுட்டு பாலாயில (போலீஸ் ஸ்டேஷன்ல) ஒப்படைச்சிடுங்க"ன்னாரு. வந்தவரு கோவமா வெளிய போயிட்டாரு. ஐயா அதப் பத்திக் கவலையே படல, பசியாறப் போயிட்டாரு.

பழைய ரெட்டைக் குழல் வச்சிருக்கிறவங்க நீங்களே பார்க்கக் கூடியது சிலது இருக்கு. தோட்டா இல்லன்னு ரெண்டு தடவை பார்த்துட்டு முன் கட்டையக் கழட்டி, துப்பாக்கிய மூடி, கட்டையப் பிடிச்சு லேசா ஆட்டினா டக்கு டக்குன்னு ஆடுதான்னு பாருங்க, முன் கட்டை மாட்டியிருந்தா அதோட ஸ்ப்ரிங்கு ஆட்டத்த மறைச்சிரும். குழல மட்டும் அடியில இருக்கிற கொக்கியில வெரல விட்டுத் தொங்க விட்டு மரத் துண்டால தட்டினா ஙொய்ங்னு நீளமா கேக்கணும், சரசரன்னு நடுக்கமா கேட்டா ரெண்டு குழலையும் சேர்த்திருக்கிற ஈயப் பத்து எங்கயோ விட்டுப் போச்சு. ஆடினாலோ சத்தம் சரியில்லன்னாலோ சுடாதீங்க, லைசென்ஸ் கடைக்குக் கொண்டு போங்க. இதச் சரி பண்றது வீட்டுல பார்க்கிற வேலை கிடையாது. அவரு எப்படிச் செய்வாருன்னா மண்ணெண்ணெய் விளக்குப் புகையில கரி பிடிச்சு, கண்ணுக்கு மை தீட்டுற மாதிரி மெல்லிசா இரும்புல தடவி, மூடித் தொறந்து, எங்க கரி அழிஞ்சிருக்கோ அங்கதான் ஒரசுதுன்னு பார்த்து மயிரிழை மயிரிழையா ராவுவாரு. ஒரு நாள் பூரா மூடித் தொறந்துக்கிட்டே இருப்பாரு.

ட்ரிகர லேசாக்கிக் குடுங்கன்னு வர்ற பசங்களையும் திட்டி அனுப்பிடுவாரு. வேட்டைத் துப்பாக்கிங்கள்ள சேஃப்டி பட்டன் பெரும்பாலும் ட்ரிகரத்தான் பிடிக்கும், உள்ள சுத்தியலப் பிடிச்சிருக்கிற கொக்கிய இல்ல. கொக்கிய ரொம்ப மெல்லிசா ராவிட்டா, சேஃப்டி போட்டிருந்தாலும் கீழ விழுந்த அதிர்ச்சியில வெடிக்க வாய்ப்பு இருக்கு. "ட்ரிகர் கனமா இல்ல தம்பி, உன் வெரலு அவசரமா இருக்கு"ம்பாரு.

அப்புறம் துரு. கேஎல் காத்துல ஈரம் எப்பவும் இருக்கு, சுட்டுட்டு வந்து ஒரு ராத்திரி அப்படியே வச்சா அடுத்த நாள் காலையில வெரல் ரேகை செவப்பாத் தெரியும், சில பேரு வேர்வையில உப்பு அதிகம், அவங்க தொட்ட இரும்பு சீக்கிரமா துருப்பிடிக்கும், எங்க கிளப்புல ஒருத்தர மத்தவங்க துப்பாக்கியத் தொடவே விடாதீங்கன்னு இவரு கிண்டல் பண்ணுவாரு. ஸ்பாஞ்சு வச்ச பெட்டி காடியில எடுத்துட்டுப் போறதுக்கு மட்டும்தான், அதுலயே பூட்டி வைக்கக் கூடாது, ஸ்பாஞ்சு தண்ணியக் குடிச்சு இரும்புல வச்சு அப்பும். எண்ணெய்ய ஊத்தாதீங்க. எல்லாரும் நெறைய ஊத்தி குழல் மேல பார்த்தபடி நிமித்தி வைப்பாங்க, அந்த எண்ணெய் மெல்ல எறங்கி கட்டையும் இரும்பும் சேர்ற இடத்துல மரத்துல ஊறும், வருஷக் கணக்குல மரம் கருத்து மெத்துன்னு ஆகிப் போயி ஒரு நாள் கட்டையோட கழுத்துல (கை பிடிக்கிற மெல்லிசான எடத்துல) வெடிப்பு விடும். அவரு மேசைக்கு வர்ற கட்டைங்கள்ள பெரும்பாலானது இப்படி எண்ணெய் குடிச்சுச் செத்ததுதான். எண்ணெய்த் துணியால தொடச்சுட்டு குழல் முனை கீழ இருக்கிறபடி ஒரு துணி மேல வச்சா போதும். அலமாரியில சிலிக்கா பொட்டலம் போட்டு, அது நெறம் மாறினா காய வச்சுப் போடுங்க, போட்டுட்டு மறந்துறாதீங்க.

ஸ்க்ரூ பத்தி ஒண்ணு. ஒரு துப்பாக்கிய முன்னாடி யாரு கைல இருந்துச்சுன்னு தெரியணும்னா அவரு ஸ்க்ரூ தலையத்தான் பார்ப்பாரு. வெட்டு சிதைஞ்சிருந்தா "யாரோ வீட்டு ஸ்க்ரூட்ரைவர் வச்சுத் தொறந்திருக்கான், உள்ள என்ன பண்ணி வச்சிருக்கானோ"ம்பாரு. அவருகிட்ட ஒரு டப்பா நெறைய திருப்புளி, ஒவ்வொண்ணும் ஒரு ஸ்க்ரூவுக்குன்னு ராவினது, வெட்டுல போட்டா ஆடாது. செகண்ட் ஹேண்ட் வாங்குறவங்க முதல்ல ஸ்க்ரூவப் பாருங்க, பாலீஷ் எல்லாம் அப்புறம்.

எல்லாமே அவருக்கு நல்லா வந்துச்சுன்னு சொன்னா அவரே ஒத்துக்க மாட்டாரு. கைப்பிடியில கட்டம் கட்டமா செதுக்குற வேலை அவருக்குச் சுமாருதான், கோடு கொஞ்சம் அலையும். நேரத்துக்கு எதுவும் குடுக்க மாட்டாரு, தைப்பூசத்துக்குள்ள தர்றேன்னா எந்த வருஷத் தைப்பூசம்னு கேட்டுக்கணும். கட்டைக்கு லின்சீடு எண்ணெய் தடவித் தேச்சுக் காய வைப்பாரு, நம்ம ஊரு ஈரத்துல ஒவ்வொரு பூச்சும் காயவே நாள் ஆகும், அவசரப்படுத்தினா "வார்னிஷ் அடிச்சு நாளைக்கே தர்றேன், ரெண்டு வருஷத்துல உரிஞ்சிக்கிட்டு வரும், பரவாயில்லயா"ன்னு கேப்பாரு. ஃபோனு எடுக்க மாட்டாரு. எனக்கு அதுல பல தடவை எரிச்சல் வந்திருக்கு, அதையும் சொல்லிடுறேன்.

ஆளு தயார் பண்ணலையான்னு சாவு வீட்டுல எல்லாரும் கேட்டாங்க. பண்ணிப் பார்த்தாரு. பசங்க வந்தாங்க, இரும்புக் கட்டிய ராவச் சொன்னா ரெண்டாவது வாரம் வர்றதில்ல. அதுவும் தப்புன்னு சொல்ல முடியல, லைசென்ஸோட இருக்கிற துப்பாக்கி நம்ம நாட்டுல எத்தனை இருக்கும், அத நம்பி ஒரு பையன் கல்யாணம் பண்ண முடியுமா. அவரு மகனே சிஎன்சி மிஷின் கம்பெனியில வேலை.

அவரு விட்டுட்டுப் போனதுல எனக்கு முக்கியமாப் படுறது அந்த அளவு நோட்டுதான். பள்ளிக்கூட நோட்டு, ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு பக்கம், நீளம், கன்ன எறக்கம், பின் எறக்கம், வளைவு, பின் சாய்வு, எந்தக் கண்ணு பெரிய கண்ணு, கண்ணாடி பவரு, ஓரத்துல "அவசரக்காரரு", "சொன்னா கேக்காது", "கழுத்து ஆபரேசன்"னு குறிப்பு. மகன் தேடி வந்தவங்களுக்கு அவங்கவங்க பக்கத்த ஃபோட்டோ எடுத்துக்க விட்டாரு. என் பக்கத்துல "டேப்பு போதும்"னு போட்டு ரெண்டு கோடு இழுத்திருக்கு. உங்க துப்பாக்கி இப்போ உங்களுக்குச் சரியா அமைஞ்சிருக்குன்னா அந்த அளவ எல்லாம் ஒரு தாளுல எழுதி லைசென்ஸ் காப்பியோட வச்சிடுங்க. துப்பாக்கி மாறினாலும், கட்டை ஒடைஞ்சாலும், வெளிநாட்டுல கட்டை ஆர்டர் பண்ணாலும் அந்தத் தாளு இருந்தா போதும். இல்லன்னா முதல்ல இருந்து ஆரம்பிக்கணும், ஆரம்பிச்சு விட இப்போ ஆளு இல்ல.

இன்னொண்ணு, இது குடும்பத்துக்குத் தெரிய வேண்டியது. லைசென்ஸு ஆளு பேருல இருக்கு, ஆளு போனா துப்பாக்கி தானா மகனுக்கோ மனைவிக்கோ சேராது, அலமாரியில பூட்டி வச்சுட்டு கருமாதி முடியட்டும்னு இருந்தா சிக்கல்ல மாட்டிக்குவீங்க. பாலாயில சொல்லி ஒப்படைச்சுட்டு, வேணும்னா அவங்கவங்க பேருல மனு போடணும். எங்க வீட்டுல என் வீட்டுக்காரருக்கு இத எழுதியே குடுத்து வச்சிருக்கேன், சாவி எங்க, தோட்டா எத்தனை, யாருக்கு ஃபோன் பண்ணனும்னு.

ஐயாகிட்ட வேலைக்குக் குடுத்து இன்னும் எடுக்காதவங்க சில பேரு இருக்கீங்க. இரும்பு கடை ஸ்ட்ராங் ரூம்புல இருக்கு, கட்டை செந்தூல் வீட்டுல இருக்கு. கட்டைய எடுக்க மகனுக்கு முன்கூட்டியே சொல்லிட்டு சாயங்காலம் ஏழு மணிக்கு மேல போங்க, ஒவ்வொண்ணுலயும் பேரு கட்டித் தொங்குது, எண்ணெய் காயாம இருக்கிறத தொடாதீங்க, ரெண்டு மூணு பூச்சு பாக்கி இருக்கிறதையும் அவரே எழுதி வச்சிருக்காரு. இரும்புக்கு ஒரிஜினல் லைசென்ஸும் ஐசியும் (அடையாள அட்டை) வேணும், லைசென்ஸு முடிஞ்சிருந்தா மொதல்ல அத ரின்யூ பண்ணிட்டு வாங்க. போன வாரம் ஒருத்தரு செந்தூல் வீட்டு வாசல்ல நின்னு குழலக் குடுன்னு மகன்கிட்ட சத்தம் போட்டிருக்காரு. மகன்கிட்ட குழலும் இல்ல, கடை சாவியும் இல்ல.